தண்ணீர் வற்றிய ட்ரக்டர்: முள்ளை நம்பலாமா?

உழவு இயந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, ராகலைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் ட்ரக்டருக்கு உழவு வேலை இல்லை. சுமக்கிற வேலைதான். மடுவத்தில் நிறுத்த கொழுந்தை ஸ்டோருக்குக் கொண்டுபோவதும், விறகு, உரம், டொலமைட் இழுப்பதும், திருவிழா வந்தால் கதிரைகளும் பந்தல் தகரமும் ஏற்றுவதும் அதுதான். ஒரு நாள் அது நடுரோட்டில் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டால் சாரதிக்கு மட்டும் பிரச்சினை இல்லை. சாக்கில் அடைபட்ட கொழுந்து நேரம் போகப் போகச் சூடேறிச் சிவந்துவிடும். லயத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஓடி வந்து எஞ்சினைச் சுற்றி நிற்பார்கள். ஆகவே இந்தப் பாடத்தை சாரதித் தம்பிமாருக்காக மட்டும் எழுதவில்லை, வீட்டில் இருக்கும் தாய்மாருக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

எஞ்சின் சூடேறுவது பற்றிப் பேசினால் பலரும் சொல்கிற பதில் ஒன்று உண்டு. "அதுக்குத்தானே ஹீட் மீட்டர் இருக்கு. தண்ணி கொறைஞ்சா முள்ளு ஏறும். ஏறினா பார்த்துக்கலாம்." பாதி சரி. மற்றப் பாதிதான் எஞ்சினைக் கொல்கிறது. தண்ணீர் கொஞ்சம் குறைந்தால் முள் ஏறும், உண்மை. முழுவதும் போய்விட்டால் முள் கீழே இறங்கவும் கூடும். அது எப்படி என்பதை விளங்கிக்கொள்ள, எஞ்சினுக்குள் தண்ணீர் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம்.

டீசல் எரியும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் சூடு சுமார் 2,000 பாகை செல்சியஸ். அந்தச் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் பலமாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியாக வெளியே போகிறது. மிச்சம் இரும்பில் ஏறுகிறது. அதை அங்கேயே விட்டுவைத்தால் சில நிமிடங்களில் காரியம் முடிந்துவிடும். பிஸ்டன் அலுமினியக் கலப்பு உலோகம், அதைச் சுற்றி இருப்பது வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். விரிந்த பிஸ்டன் போக இடமில்லாமல் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். 'எஞ்சின் சீஸ் ஆயிருச்சு' என்று பாஸ் கையை விரிப்பது இதைத்தான்.

இப்படி நடக்காமல் இருக்கத்தான் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. நமது தோட்டங்களுக்குப் பழக்கமான மசி பெர்குசன் 135ஐ எடுத்துக்கொள்வோம். 1960களின் நடுவில் வந்த மாதிரி, மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் டீசல் எஞ்சின். அதற்கு மொத்தம் சுமார் 10 லீற்றர் தண்ணீர்தான். ஒரு பெரிய வாளி அளவு. அந்த ஒரு வாளிதான் காலை முதல் மாலை வரை எஞ்சினுக்கும் றேடியேட்டருக்கும் இடையே சுற்றிச் சுற்றி ஓடிச் சூட்டைக் காற்றில் இறக்கிவிட்டு வருகிறது. அதில் இரண்டு மூன்று லீற்றர் குறைந்தால் ஓட்டமே நிற்கலாம். எஞ்சினின் மேல் பக்கத்திலிருந்து சுடுதண்ணீர் மேல் ஹோஸ் வழியாகத்தான் றேடியேட்டருக்கு வரவேண்டும். தண்ணீர் மட்டம் அந்த ஹோஸின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் பம்ப் சுற்றினாலும் தள்ளுவதற்கு ஒன்றும் இராது. 1917ல் வந்த போர்ட்சன் ட்ரக்டரில் பம்ப்பே கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும் என்ற நம்பிக்கையில் ஓடியது அது. அதில் மட்டம் இறங்கினால் அந்த நிமிடமே சுற்று அறுந்தது. இன்றைய எஞ்சினில் பம்ப் இருப்பதால் கொஞ்சம் தாமதம் கிடைக்கும், அவ்வளவுதான்.

இனி முள்ளுக்கு வருவோம். ஹீட் மீட்டருக்குச் சூட்டைச் சொல்லும் சின்னக் குமிழ் எஞ்சினின் தலைப்பக்கத்தில், தண்ணீர் ஓடும் வழியில் பொருத்தப்பட்டிருக்கிறது. அது தண்ணீரில் மூழ்கி இருக்கும்வரை சொல்வது உண்மை. தண்ணீர் வற்றிக் குமிழைச் சுற்றி வெறும் காற்றும் ஆவியும் நின்றால் இரும்பின் சூடு அதற்குச் சரியாகப் போய்ச் சேராது. அடுப்பு மேல் வைத்த வெறும் பானைக்குள் கையை நீட்டிப் பாருங்கள். அடி சிவந்து கிடக்கும்போதும் நடுவில் கை கொஞ்ச நேரம் தாங்கும். அதே பானையில் கொதிக்கும் தண்ணீர் இருந்தால் ஒரு விரலை விடமுடியுமா? குமிழின் நிலையும் இதுதான். பக்கத்தில் இரும்பு வெந்துகொண்டிருக்க, முள் நடுவிலே நிற்கும், அல்லது ஏறின முள் திடீரென்று இறங்கும்.

"அண்ணே, என்னமோ கருகுற வாடை வருதே."

"ஒண்ணுமில்லடா தம்பி, இப்பத்தான் முள்ளு எறங்கிருச்சு. ஸ்டோரு வரைக்கும் போயிரலாம்."

இந்தப் பேச்சுக்குப் பிறகு எத்தனையோ எஞ்சின்கள் ஸ்டோர் போய்ச் சேர்ந்ததில்லை. ஏற்றத்தில் சுமையோடு போகும்போது, காரணம் இல்லாமல் முள் இறங்கினால் அது நல்ல செய்தி அல்ல. உடனே நிறுத்தவேண்டிய அடையாளம்.

முள்ளைப் பார்க்காதே, தண்ணீரைப் பார் என்ற இந்தப் பாடம் ராகலைக்குப் புதிதும் இல்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரைக்கும் இரண்டரை அடித் தண்டவாளத்தில் ஒரு சின்ன ரயில் ஓடியது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்ட பாதை, 1948ல் மூடினார்கள். தண்டவாளம் போனாலும் அந்தக் கதையைச் சொல்லும் பெரியவர்கள் நம் லயங்களில் இருந்தார்கள். நீராவி எஞ்சினில் நெருப்புப் பெட்டியின் கூரை எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கவேண்டும். கூரை வெளியே தெரிந்தால் இரும்பு இளகிப் பொய்லரே வெடித்துவிடும். ஆகவே எஞ்சின்காரர் முன்னால் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதில் தெரிவது சூடு அல்ல, தண்ணீர் மட்டமே நேராகத் தெரியும். அதையும் கவனிக்காமல் விட்டால் கடைசிக் காவலாக நெருப்புப் பெட்டியின் கூரையில் ஈயம் போன்ற இளகும் உலோகத்தை அடைத்த ஒரு ஆணி இருக்கும். தண்ணீர் விலகியதும் ஈயம் உருகி, ஆவி சீறி நெருப்பின்மேல் பாய்ந்து, ஆபத்து என்று கத்தும். ஈயம் உருக 327 பாகை போதும். ஏற்றம் இறக்கம் மாறும்போது கண்ணாடியில் தண்ணீர் சாய்ந்து தெரியும் என்பதும் மலை எஞ்சின்காரர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டிய விடயம். பாதை இறங்கத் தொடங்கினால் தண்ணீர் முன்னுக்கு ஓடி, பின்னால் இருக்கும் கூரை வெளியே தெரிந்துவிடும்.

நமது ட்ரக்டரில் கண்ணாடிக் குழாயும் இல்லை, ஈய ஆணியும் இல்லை. சாய்வு மட்டும் அப்படியே இருக்கிறது. தண்ணீர் குறைந்த ட்ரக்டர் இறக்கத்தில் போகும்போது பின் சிலிண்டரின் தலை காய்கிறது, ஏற்றத்தில் மேல் ஹோஸ் காய்கிறது. சமதரையில் ஓடும் ட்ரக்டர் ஒரு லீற்றர் குறைவைப் பொறுத்துக்கொள்ளும். ஹல்கிரன் ஓயாப் பக்கமோ வலப்பனைப் பக்கமோ வளைந்து வளைந்து போகிற பாதையில் அந்தப் பொறுமை கிடையாது. தண்ணீர் பார்ப்பதையும் வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தித்தான் பார்க்கவேண்டும். சாய்வில் நிறுத்திப் பார்த்தால் மட்டம் பொய் சொல்லும்.

மலைநாட்டுக்கென்று இன்னொரு சங்கதி இருக்கிறது. இதை வாசகர்கள் சற்று நிதானமாக வாசிக்க வேண்டுகிறோம். தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் என்று பாடசாலையில் படித்தோம். அது கடல் மட்டத்தில். மேலே போகப் போகக் காற்றின் அமுக்கம் குறைகிறது, தண்ணீரும் சீக்கிரம் கொதிக்கிறது. 300 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஒரு பாகை குறையும் என்று கணக்கு. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ராகலைக்கும் பெரிய வித்தியாசம் வராது. பருப்பு வேக இங்கே கூடுதல் நேரம் எடுப்பது ஏன் என்று தாய்மாருக்குத் தெரியும், இதுதான் காரணம்.

எஞ்சின் வேலை செய்ய விரும்பும் சூடு 80 பாகைக்கு மேலே. கொழும்பில் அதற்கும் கொதிநிலைக்கும் இடையே 20 பாகை இடைவெளி இருக்கிறது. நமக்கு இருப்பது 14 பாகைதான். இந்தக் குறையைச் சரிக்கட்டுவது றேடியேட்டர் மூடி. பலர் அதை ஒரு தகர மூடியாகவே நினைக்கிறார்கள். அது ஒரு வால்வு. அதன் ஸ்பிறிங் உள்ளே அமுக்கத்தைக் கட்டிவைக்கிறது. பழைய ட்ரக்டர் மூடிகளில் பெரும்பாலும் 7 என்ற எண் இருக்கும், சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கம் என்பது அதன் பொருள். அந்த அமுக்கம் இருக்கும்வரை நமது மலையிலும் தண்ணீர் சுமார் 107 பாகை வரைக்கும் கொதிக்காது. வீட்டில் பிறஷர் குக்கர் செய்கிற வேலையேதான். மூடியின் றப்பர் வெடித்துப்போனால், ஸ்பிறிங் தளர்ந்தால், அல்லது மூடி தொலைந்து சாக்குத் துணியைத் திணித்துவைத்தால் அந்த 13 பாகையும் போச்சு. தண்ணீர் 94லேயே பொங்கி வழியும். வழிந்தால் குறையும், குறைந்தால் இன்னும் சூடேறும். தோட்டத்து ட்ரக்டர்களில் நடக்கும் சூட்டுக் கோளாறுகளில் பெரிய கோளாறு என்று பயந்து, கடைசியில் ஒரு மூடியை மாற்றியதும் சரியாகிப்போனவை உண்டு. மாற்றும்போது அதே எண் உள்ள மூடியையே போடவேண்டும். 'கூட அமுக்கம் நல்லதுதானே' என்று காருக்குரிய 13, 15 மூடியைப் போட்டால் பழைய றேடியேட்டரின் ஈயப்பற்று விட்டுப்போகும்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். மரக்கறித் தோட்டங்களில் ஓடும் லேண்ட் மாஸ்டர் கை ட்ரக்டரில் தண்ணீர் கொதித்துக்கொண்டேதானே இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லையே? நல்ல கேள்வி. சில ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்களில் மேலே ஒரு திறந்த தொட்டி இருக்கும். தண்ணீர் கொதித்து ஆவியாகப் போவதால்தான் அந்த எஞ்சின் ஆறுகிறது, அதன் அமைப்பே அப்படி. மிதவைக் குச்சி இறங்கினால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகலாம். அந்தப் பழக்கத்தோடு பெரிய ட்ரக்டருக்கு வருகிற தம்பிமார்தான் "கொதிச்சா என்ன, ஊத்திக்கலாம்" என்கிறார்கள். பெரிய ட்ரக்டரில் தண்ணீர் கொதிக்கவே கூடாது.

சரி, தண்ணீர் எங்கே போகிறது? மூடிய வழியில் ஓடுகிற தண்ணீர் வாரத்துக்கு வாரம் குறைந்தால் அது எங்கோ போகிறது என்றுதான் அர்த்தம். 'எஞ்சின் தண்ணி குடிக்குது' என்று சொல்லிவிட்டு ஊற்றிக்கொண்டே இருப்பது வைத்தியம் ஆகாது. முதலில் இரவு வண்டி நின்ற இடத்தைக் காலையில் பாருங்கள். தரையில் ஈரம் எந்த இடத்துக்கு நேராக இருக்கிறது? றேடியேட்டரின் அடிக்குழாயா, கீழ் ஹோஸின் கிளிப்பா, பம்ப்பின் அடியிலா? பம்ப்பின் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சிலர் அதை ஆணி அடித்து மூடிவிடுகிறார்கள். உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்று சொல்லத்தான் அந்த ஓட்டையையே வைத்திருக்கிறார்கள். அதில் தண்ணீர் சொட்டினால் பம்ப்பைப் பார்க்கவேண்டும், ஓட்டையை அல்ல. ஹோஸை எஞ்சின் ஆறியபின் விரலால் அமுக்கிப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தாலும், ஊறின இஞ்சிபோல் மெத்தென்று இருந்தாலும் மாற்றவேண்டியதுதான். கம்பி கட்டி ஓட்டுவது ஒரு நாளைக்கு, மூன்று மாதத்துக்கு அல்ல.

வெளியே ஈரம் இல்லாமல் தண்ணீர் குறைந்தால் விடயம் பெரிது. ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். கறுப்பாக இருக்கவேண்டிய ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் ஹெட் கஸ்கட் வழியாகத் தண்ணீர் ஒயிலில் கலக்கிறது. அந்த எஞ்சினை இன்னொரு முறை ஸ்டார்ட் பண்ணவும் கூடாது. இன்னொரு அடையாளம் வெள்ளைப் புகை. ஆனால் ராகலைக் குளிரில் விடியற்காலையில் எல்லா எஞ்சினும் கொஞ்சம் வெள்ளையாகத்தான் புகைக்கும், மூடுபனியில் அது இன்னும் அதிகமாகத் தெரியும். எஞ்சின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகையைத்தான் கவனிக்கவேண்டும். ஆறிய எஞ்சினில் மூடியைக் கழற்றிவைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணி, றேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் பாஸ்மார் செய்கிற சோதனைதான்.

தண்ணீர் நிறைய இருந்தும் சூடேறுவது வேறு கதை. பேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம் அல்லது அறுந்திருக்கலாம். மசி பெர்குசனில் பேன், பம்ப், டைனமோ மூன்றையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. ஆகவே ஓடும்போது பெட்டரி சார்ஜ் சிவப்பு லைட் திடீரென்று எரிந்தால் 'பெட்டரிதானே, அப்புறம் பார்ப்போம்' என்று போகாதீர்கள். பெல்ட் அறுந்திருந்தால் தண்ணீர் ஓட்டமும் நின்றிருக்கும். அடுத்தது றேடியேட்டரின் முகம். டொலமைட் ஏற்றிய நாட்களில் அந்தத் தூள் றேடியேட்டரின் தகடுகளுக்கிடையில் போய் உட்காரும். அதன்மேல் மழை பட்டால் சாந்து பூசியதுபோல் இறுகிவிடும். புல்லும் தேயிலைச் சருகும் வேறு. பின்பக்கத்திலிருந்து, அதாவது பேன் பக்கத்திலிருந்து முன்னுக்குத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவவேண்டும். முன்னால் இருந்து அடித்தால் அழுக்கு உள்ளேதான் போகும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சூடேறுகிறது என்று முறையிட்டால் சிலர் முதலில் கைவைப்பது இதில்தான். கீழ்நாட்டில் அதற்கு ஏதோ சமாதானம் சொன்னாலும் நமது குளிரில் இது தவறு. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் காலை முழுவதும் சூடாகாமலே ஓடும். டீசல் கூடச் செலவாகும், ஒயில் சேறாகும், சிலிண்டர் தேயும். தண்ணீர் கசியும் ஓட்டை மட்டும் அப்படியே இருக்கும்.

இனி ரோட்டில் நடந்துவிட்டால் என்ன செய்வது? முள் ஏறுகிறது, ஆவி இல்லை, தண்ணீர் வழியவும் இல்லை என்றால் சுமைதான் காரணமாக இருக்கலாம். மழை நாளில் ஈரக் கொழுந்தின் பாரம் கூடும், ஏற்றமும் சேர்ந்தால் எஞ்சின் திணறும். ஒதுக்கி நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் சுமையில்லாமல் ஓடவிட்டால் பேனும் பம்ப்பும் சூட்டை இறக்கும். ஆனால் தண்ணீர் கொட்டிவிட்டது, ஆவி சீறுகிறது, கருகல் வாடை அடிக்கிறது, பலம் குறைகிறது, டக் டக் என்று தட்டும் சத்தம் வருகிறது, இவற்றில் எது இருந்தாலும் ஒரு நிமிடமும் ஓடவிடக் கூடாது. பழைய டீசல் எஞ்சின் சாவியைத் திருப்பினால் நிற்காது, ஸ்டொப் கம்பியை இழுக்கவேண்டும். பிறேக்கைப் பிடித்துப் பூட்டி, ட்ரக்டர் சக்கரத்துக்கும் ட்ரெயிலர் சக்கரத்துக்கும் கல் வையுங்கள். கல் வைக்கும்வரை யாரும் வண்டிக்குப் பின்னால் நிற்கக் கூடாது. ட்ரெயிலரில் ஆட்கள் இருந்தால் முதலில் இறக்கிவிடுங்கள்.

பிறகு காத்திருக்க வேண்டும். இதுதான் கஷ்டமான வேலை. மடுவத்தில் கொழுந்து காத்திருக்கும், கணக்குப்பிள்ளை ஐயா ஆள் அனுப்புவார், பின்னால் வரும் வண்டிக்காரர் "சும்மா தெறந்து ஊத்துப்பா" என்பார். குறைந்தது முக்கால் மணி நேரம். நமது குளிர் காற்றில் பொனட் பத்து நிமிடத்தில் ஆறிவிடும், அதைத் தொட்டுப் பார்த்து ஏமாறக் கூடாது. உள்ளே இருப்பது கனத்த வார்ப்பிரும்பு. றேடியேட்டரின் மேல் தொட்டியில் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்கமுடிகிறதா என்பதுதான் கணக்கு.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? மூடி பூட்டியிருக்கும்போது உள்ளே தண்ணீர் 100 பாகையிலும் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திறந்த அந்தக் கணமே அமுக்கம் போய்விடுகிறது. நமது உயரத்தில் 94க்கு மேல் இருக்கும் தண்ணீர் எல்லாம் ஒரே நேரத்தில் கொதித்து மேலே பாயும். 97 பாகைத் தண்ணீர் கொழும்பில் சும்மா இருக்கும், இங்கே முகத்தில் அடிக்கும். கீழ்நாட்டில் ட்ரக்டர் ஓட்டிப் பழகியவர்கள் இதைக் குறிப்பாக மனதில் வைக்கவேண்டும். ஆறிய பிறகும் தடித்த சாக்கை மடித்து மூடியின்மேல் போட்டு, முகத்தை விலக்கி, பக்கவாட்டில் நின்று, கால் சுற்று மட்டும் திருப்புங்கள். சீறும் சத்தம் நின்றபின்தான் அமுக்கித் திருப்பிக் கழற்றவேண்டும். பிள்ளைகளைப் பத்து அடி தள்ளி நிற்கச் சொல்வது போதாது, லயத்துக்கே அனுப்பிவிடுங்கள்.

அப்படியும் யாருக்காவது சுடுதண்ணீர் பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில், பீலியிலோ குழாயிலோ, 20 நிமிடம் அந்த இடத்தைப் பிடிக்கவேண்டும். சட்டை ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கக் கூடாது, ஒட்டாததைக் கழற்றலாம். வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன்பே கழற்றுங்கள். பற்பசை, நெய், தேயிலைத் தூள், மை, மண் எதுவும் பூசாதீர்கள். ஐஸும் வேண்டாம். நமது பீலித் தண்ணீர் மிகவும் குளிர் என்பதால் சின்னப் பிள்ளையாக இருந்தால் காயம்பட்ட இடத்தைத் தவிர்த்து மற்ற உடம்பைக் கம்பளியால் போர்த்துங்கள். பிறகு சுத்தமான துணியால் மெல்ல மூடி வைத்தியசாலைக்குப் போகவேண்டும். முகம், கண், கை, மூட்டு, இவற்றில் பட்டாலும், குழந்தைக்குப் பட்டாலும் அளவு சிறிதென்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வேலை நேரத்தில் பட்ட காயம் என்றால் அதைத் தோட்டப் பதிவில் அன்றே எழுதச் செய்யுங்கள். 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் இப்படிப்பட்ட காயங்களுக்கும் சேர்த்துத்தான், ஆனால் எழுதாத காயத்துக்குக் கேட்பது கஷ்டம்.

எஞ்சினுக்குத் திரும்புவோம். ஆறியபின் தண்ணீர் ஊற்றும்போதும் அவசரம் கூடாது. வெந்த இரும்பில் பீலித் தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் சுடுகண்ணாடிக் கிளாஸில் பச்சைத் தண்ணீர் ஊற்றினதுபோல் வெடிப்பு விழும். ஹெட்டோ புளொக்கோ வெடித்தால் ஒட்டுவது எளிதல்ல. கொஞ்சம் கொஞ்சமாக, முடிந்தால் வெதுவெதுப்பான தண்ணீராக ஊற்றுங்கள். பக்கத்து லயத்தில் ஒரு கேத்தல் சுடுதண்ணி கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். (பிளாஸ்க்கில் இருக்கும் சீனி போட்ட பிளேன்டீயை ஊற்றவேண்டாம், அதைக் காத்திருக்கும் நேரத்தில் நீங்களே குடியுங்கள்.) நிறைந்தபின் மூடாமல் ஸ்டார்ட் பண்ணிச் சில நிமிடம் ஓடவிடுங்கள். உள்ளே அடைபட்ட காற்று வெளியேறி மட்டம் இறங்கும், திரும்ப நிரப்பி அப்புறம் மூடுங்கள். இதைச் செய்யாமல் மூடிக்கொண்டு போனவர்கள் அடுத்த வளைவிலேயே மறுபடியும் நிற்கிறார்கள். ஸ்டோருக்குப் போனதும் நடந்ததை ரனிங் சார்ட்டில் எழுதிவையுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எத்தனை லீற்றர் ஊற்றினது. நாளைக்கு எஞ்சின் திறக்கவேண்டி வந்தால் பாஸுக்கு வழி தெரியும், 'சாரதி பார்க்கலை' என்ற பேச்சுக்கும் பதில் இருக்கும்.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்பதில் நமக்கு ஒரு வசதி உண்டு. மலைத் தண்ணீரில் உப்புப் படிவு குறைவு, வரண்ட பகுதிகளில் போல் கேத்தலில் வெள்ளை கட்டுவதில்லை. ஆனால் ஓடையில் நேராக மொண்டால் மண்ணும் இலையும் வரும், துணியில் வடிகட்டுங்கள். உரம் கரைத்த வாளி, மருந்து அடித்த கேன் எதையும் இதற்குத் தொடக் கூடாது. அமோனியம் சல்பேட் உலோகத்தை அரிக்கும்.

வெறும் தண்ணீரைவிட கூலன்ட் கலந்த தண்ணீர் நல்லது. துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் கொஞ்சம் உயர்த்தும். பாதிக்குப் பாதி கலந்தால் கடல் மட்டத்தில் 100க்குப் பதில் 107 பாகை அளவில்தான் கொதிக்கும், நமது மலையில் 100ஐச் சற்றுத் தாண்டும். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழும் விடியல்களுக்கும் அது காவல். ஆனால் இதைப் பற்றி வீட்டிலிருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டும். பெரும்பாலான கூலன்ட் எதிலீன் கிளைக்கோல் என்ற நஞ்சு. பச்சை, சிவப்பு என்று அழகான நிறம், இனிப்பான ருசி. சின்னப் பிள்ளைக்குச் சில மிடறு போதும், நாய்க்கு இன்னும் குறைவு. குடித்தவுடன் வெறி ஏறினவர்போல் தள்ளாடும், பிறகு தெளிந்ததுபோல் இருக்கும், அதன்பின் சிறுநீரகம் கெடும். ஆகவே 'தெளிஞ்சிருச்சே' என்று காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். நேரத்தோடு போனால் மருந்து உண்டு.

மிஞ்சிய கூலன்டை சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது வந்த கேனிலேயே, பெயர் தெரியும்படி, கராஜில் பூட்டிவையுங்கள். றேடியேட்டரைக் கழுவும்போது பழைய தண்ணீரை பீலிக்கு மேல் பக்கத்திலோ கானிலோ திறந்துவிடாமல் ஒரு பீப்பாயில் பிடியுங்கள். கொட்டிய இடத்தில் தேங்கி நின்றால் மண் போட்டு அள்ளிவிடுங்கள், கோழியும் நாயும் அங்கேதான் முதலில் வாய்வைக்கும்.